மாணவர் உண்கலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவது மரபு. அம்மேடையில் சோற்றையும் குழம்பையும் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், நாம் இதற்கு வள்ளுவப் பெருமானையே துணையாகக் கொள்கிறோம். 'மருந்து' என்று தலைப்பிட்ட தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தில் அவர் ஒரு மூலிகையின் பெயரையேனும் சொன்னாரில்லை. பத்துக் குறட்பாக்களில் ஆறனை உணவுக்கே ஒதுக்கினார். முன் உண்டது செரித்த பின் உண்க, ஒவ்வும் உணவை உண்க, அளவறிந்து உண்க என்பனவே அவர் தரும் மருந்து. உணவு செம்மையாயின் மருந்துக்கு வேலை இல்லை என்பது அவர் கருத்து.

கல்வியையும் உணவையும் இணைத்துப் பார்த்த பெருமை தமிழகத்துக்கு உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்து சேர்ந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்னும் எளிய உண்மையை உணர்ந்ததன் விளைவே இவையெல்லாம். ஆனால், இக்கவலை பள்ளி வாயிலோடு நின்றுவிடுகிறது. பிள்ளை பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்ததும், 'அவன் வளர்ந்துவிட்டான், பார்த்துக்கொள்வான்' என்று வீடும் விட்டுவிடுகிறது, நாடும் விட்டுவிடுகிறது.

உண்மை என்ன? பதினேழு, பதினெட்டு வயதில்தான் ஓர் இளைஞன் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் உணவைத் தானே தெரிந்தெடுக்கிறான். விடுதியில் அவன் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரவு இரண்டு மணி வரை விழிப்பு. ஆதலால், காலையில் உணவுக்கூடம் மூடும் நேரத்திற்குத்தான் துயில் எழுகிறான். கிடைப்பது ஒரு குவளை ஈரானித் தேநீர், இரண்டு உஸ்மானியா பிஸ்கட். நண்பகலில் மலைபோல் சோறு, அதன்மேல் பருப்பைத் தேட வேண்டிய சாம்பார். மாலையில் வகுப்பு முடிந்ததும் தெருமுனையில் மிளகாய் பஜ்ஜி. இரவில் விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை. கைப்பேசியைத் தட்டினால் பிரியாணி வாயிலுக்கே வந்து நிற்கிறது. தேர்வு வாரமாயின் சூடான நீரில் இரண்டு நிமிடத்தில் வேகும் நூடுல்சே துணை. இதில் வயிறு நிரம்புகிறது, நாவும் நிறைவடைகிறது. உடல் கேட்டது கிடைத்ததா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இந்த ஐதராபாத் நகரில், தார்நாக்காவில், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை ஒட்டியே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அந்நிறுவனமும் நம்மைப் போலத் தமிழ் மண்ணிலிருந்து குடிபெயர்ந்து வந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1918-இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், 'பெரிபெரி' நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய பணி அது. நாற்பது ஆண்டுகள் அங்கே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு வந்தது. சேலத்தில் பிறந்த அறிஞர் கோபாலன் அதன் இயக்குநராய் விளங்கி, இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு உலகப் புகழ் தேடித் தந்தார். அவர் நூறாண்டு கடந்து வாழ்ந்து 2019-இல் மறைந்தார்.

மெக்காரிசன் குன்னூரில் நடத்திய ஒரு சோதனை நாம் அனைவரும் அறிய வேண்டியது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிகச் செழிப்பாய் வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும், பாலையும் காய்கறியையும் மிகக் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாணத்தார் உணவை உண்ட எலிகளோ கடைசி இடத்தில் நின்றன. இது நமக்கு இனிய செய்தி அன்று. ஆயினும், மறைக்கத்தக்க செய்தியும் அன்று. குறை நம் சமையலில் இல்லை. சோற்றின் அளவு பெருகி, அதனோடு சேர வேண்டியவை சுருங்கியதே குறை. இன்றைய விடுதி உணவுக்கூடத்தில் நம் மாணவர் தட்டில் காணப்படுவதும் அதே காட்சிதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் 'பெரிபெரி' மக்களை வாட்டிய காலத்தில், புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் அதற்குத் தப்பின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி-1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பதைக் குன்னூர் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினர். நம் பாட்டிமார் ஆராய்ச்சிக்கூடம் கண்டதில்லை. எனினும், அவர்கள் வழக்கம் மக்களைக் காத்தது. ஆகவே, பழையன எல்லாம் பிழை என்று தள்ளுவதும் தவறு. நம்முடையன எல்லாம் சிறப்பு என்று தருக்குவதும் தவறு.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் இந்தியர்க்கான உணவு நெறிகளைப் பதினேழு தலைப்புகளில் வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவர்க்கு அது காட்டும் அளவு இது: தானியம் 250 கிராம், கீரையும் காய்களும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், கொட்டைகளும் எள் போன்ற வித்துகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம், இவற்றோடு பால் அல்லது தயிர். தானியத்தைவிடக் காயும் கீரையும் மிகுந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நம் இல்லங்களில் சோற்றுக்குக் காய் 'தொட்டுக்கொள்ள'. அந்நெறியிலோ, காய்க்குச் சோறு துணை!

இது செல்வர்க்கே இயலும் என்று மாணவர்கள் மறுக்கலாம். எளிய கணக்கு ஒன்று பார்ப்போம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது கணிப்பு. 60 கிலோ எடையுள்ள மாணவனுக்கு ஏறத்தாழ 50 கிராம் தேவை. 250 கிராம் அரிசியில் 20 கிராம் கிடைக்கிறது. இரு வேளையும் சேர்த்து 60 கிராம் பருப்பு உண்டால் 14 கிராம். இரண்டு கிண்ணம் தயிரில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். கூட்டினால் 53 வருகிறது. முட்டை உண்ணாதவர் அதற்கு ஈடாக ஒரு கிண்ணம் சுண்டல் உண்ணலாம். விலையுயர்ந்த புரதப் பொடி டப்பாக்கள் இதில் எங்கும் இல்லை. கெட்டியான பருப்பும், மாலையில் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு பொட்டலம் வேர்க்கடலையுமே போதும்.

தாய்மார்களே! அடுத்துச் சொல்வதைச் சிறப்பாக உங்கள் செவிக்கு வைக்கிறோம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் அது 59-ஐத் தொடுகிறது. ஆடவரில் 25 பேர். அப்படியாயின், இவ்வவையில் அமர்ந்துள்ள நம் பெண் மக்களிலும் எத்தனை பேர் அந்நிலையில் இருக்கக்கூடும் என்று எண்ணும்போது நெஞ்சு துணுக்குறுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நூலைப் பிரித்தால் உறக்கம் வருகிறது, எப்போதும் களைப்பு. நாம் அதற்குச் 'சோம்பல்' என்று பெயரிட்டுக் கடிந்துகொள்கிறோம். கடிய வேண்டியது பெண்ணை அன்று. சோதிக்க வேண்டியது அவள் குருதியை. விடுமுறையில் வீடு வரும் மகளுக்குப் புடவை எடுப்பதற்கு முன்னர், ஈமோகுளோபின் அளவு பார்த்து வருவது தலையாய கடமை. குறை இருப்பின், உணவு மட்டும் போதும் என்று இருந்துவிடாமல் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும்.

வந்தபின் காக்கும் வழியைவிட வருமுன் காக்கும் வழி எளிது. நூறு கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. சோளத்தில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இருக்கிறது. கேழ்வரகிலோ, இரும்போடு சுண்ணாம்புச்சத்தும் ஏறத்தாழ 360 மில்லிகிராம் இருக்கிறது. நாம் வாழும் இத்தெலங்கானா மண்ணின் பழைய உணவு சோள ரொட்டி. நம் அண்டை வீட்டார் இன்றும் தட்டிச் சுடும் அந்த 'ஜொன்ன ரொட்டெ'யையும், 'கோங்குரா' என்று அவர்கள் போற்றும் புளிச்சக்கீரையையும் நாம் ஏன் உரிமையோடு ஏற்றுக்கொள்ளலாகாது? பருப்போடும் கீரையோடும் ஒரு துண்டு எலுமிச்சை, கொய்யா அல்லது நெல்லிக்காய் சேர்ந்தால், அதிலுள்ள சி உயிர்ச்சத்து இரும்பு உடலில் சேரத் துணைபுரிகிறது. உண்டவுடன் பருகும் தேநீரும் காப்பியும் அதனைத் தடுக்கின்றன. ஆகவே, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்க்க என்று அந்நெறிநூல் கூறுகிறது. காப்பியை விடுமாறு தமிழரிடம் சொல்லும் துணிவு நமக்கு இல்லை. நேரத்தை மாற்றுமாறு மட்டும் வேண்டுகிறோம்!

இனி இனிப்பு. 300 மில்லிலிட்டர் குளிர்பானப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை கரைந்துள்ளது. அஃது ஆறு சிறு கரண்டிக்கு மேல். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்க்கும் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் எனக் கணக்கிட்டது. நாற்பதில் வெளிப்படும் நோய்க்கு இருபதில் நாம் வித்திடுகிறோம் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. இதற்கு நேர்மாறாக, உடல் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கும் இளம் பெண்களும் உளர். உணவைத் துறப்பது அழகும் அன்று, அறிவும் அன்று.

மாணவ நண்பர்களே! விடுதி உணவுக்கூடத்தைக் குறைகூறுவது எளிது. அதன் குழுவில் சேர்ந்து உழைப்பது அரிது. அந்த அரிய செயலை மேற்கொள்ளுங்கள். பெரும்பாலான விடுதிகளில் உணவுப் பட்டியலை வகுப்பதில் மாணவர்க்கும் பங்கு உண்டு. விருந்து நாளில் இன்னும் ஓர் இனிப்பு கேட்பதற்கு அப்பங்கைச் செலவிடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் கீரை, நாள்தோறும் ஒரு பழம், கெட்டியான பருப்பு, எண்ணெயில் பொரிக்காத சிற்றுண்டி ஆகியவற்றைக் கேளுங்கள். காலை உணவைக் கைவிடாதீர்கள். உடல் ஓய்ந்திருக்கும்போதும் அது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. அந்த மூளையை வெறுந் தேநீரோடு வகுப்பறைக்கு அழைத்துச் செல்வது நீதியாகுமா?

பெற்றோர்களே! பிள்ளையை விடுதிக்கு அனுப்புமுன் பருப்பு வேகவைக்கவும், முட்டை அவிக்கவும், ஒரு கூட்டு செய்யவும் கற்றுக்கொடுங்கள். மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும். முறுக்கும் அதிரசமும் நிறைந்த டப்பாவில் பாதியையேனும் எள்ளுருண்டைக்கும், பொட்டுக்கடலைக்கும், வறுத்த வேர்க்கடலைக்கும் விடுங்கள். தொலைபேசியில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் 'ஆம்' என்னும் ஒரு சொல்லே விடையாக வரும். 'என்ன சாப்பிட்டாய்?' என்று கேளுங்கள், உண்மை வெளிப்படும்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். தமிழகத்திலிருந்து இந்நகர்ப் பல்கலைக்கழகங்களுக்குக் கற்க வந்து, விடுதிகளில் தங்கியிருக்கும் மாணவர் பலர். நம் குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மாணவரை அழைத்து வீட்டு உணவு அளித்தால் எவ்வளவு நன்று! விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். அப்பண்பு ஒரு கிண்ணம் கீரை மசியலாகவும், ஒரு கரண்டி கெட்டிப் பருப்பாகவும் அப்பிள்ளைகளின் இலையில் விழட்டும். ஆண்டுக்கு ஒரு முறை இச்சங்கக் கூடத்திலேயே இளைஞர்க்கு இரத்தப் பரிசோதனை நடத்துவதும் இயலாத செயல் அன்று.

நாளைய மருத்துவரும் ஆசிரியரும் பொறியாளரும் இன்று விடுதித் தட்டின் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் நூல்களுக்குச் செலவிடும் கவலையில் ஒரு பகுதியை உணவுக்கும் செலவிட வேண்டும்; நாமும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.