வென்றால் பிரஜை, தோற்றால் அந்நியனா?

(விளையாட்டுக் கழகமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவிலே அரசியல் பேசலாகாது என்று கழகச் செயலாளர் முன்கூட்டியே நம்மிடம் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோளை மதித்து உதைபந்தாட்டத்தைப் பற்றியே பேசுவதென உறுதிகொண்டு வந்திருக்கிறோம். ஆனால், பந்தைத் தொடர்ந்து சென்றால் அது சிலவேளை பாராளுமன்றத்தின் வாயிலிலே போய் நிற்கிறது. அது பந்தின் குற்றமேயன்றி நமது குற்றமன்று.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மெசூத் ஓசில் என்னும் ஆட்டக்காரரின் வரலாறு. ஜேர்மனியிலே பிறந்து, அந்நாட்டுக்காக உலகக் கிண்ணத்தை வென்று, பின்னர் அந்நாட்டின் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சென்ற துருக்கிய வழித்தோன்றல் அவர். ஜேர்மனி நமக்குத் தூரத்து நாடன்று. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் நம்மவர் பல்லாயிரவர் அந்நாட்டிலே புகலிடம் தேடினர். இங்கு அமர்ந்திருக்கும் சிலரது பேரப்பிள்ளைகள் அந்நாட்டு மைதானங்களிலேதான் பந்து உதைக்கின்றனர். ஆகவே இக்கதை நம் வீட்டுத் திண்ணைக்கும் உரியதே.

உழைக்க அழைத்தார்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜேர்மனியின் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் போதவில்லை. 1961 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி துருக்கியுடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அதன்வழி வந்தோருக்கு அளிக்கப்பட்ட பெயர் "விருந்தினர் தொழிலாளர்" என்பது. அழகான பெயர்! விருந்தினன் என்றால் ஒருநாள் புறப்பட வேண்டியவன் என்பது அதன் உட்பொருள். 1973 ஆம் ஆண்டு புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. வந்தவர்களிற் பலர் திரும்பினர். பலர் குடும்பத்தை அழைத்து அங்கேயே வேரூன்றினர்.

அவ்வாறு சென்றவருள் ஒருவர் ஓசிலின் பாட்டனார். ஓசிலின் தந்தையார் சிறு பிள்ளையாக ஜேர்மனிக்குச் சென்றவர். ஓசில் 1988 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆந் திகதி கெல்சன்கிர்ஷன் என்னும் நிலக்கரி நகரத்திலே பிறந்தார். சுற்றிலும் கம்பிவலை அடைத்த ஒரு சிறு ஆட்டத்திடலே அவர் பந்து பழகிய பள்ளி. அத்திடலை அயலார் "குரங்குக்கூண்டு" என்று அழைத்தனர்.

இங்கே சட்டம் குறுக்கிடுகிறது. ஜேர்மனியின் பிரஜாவுரிமைச் சட்டம் 1913 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. அதன் அடிப்படை பிறந்த மண் அன்று, பெற்றோரின் இரத்தம். ஆகவே கெல்சன்கிர்ஷனிலே பிறந்த ஓசில் சட்டத்தின் கண்ணுக்குத் துருக்கியர். அதே காலத்தில், போலந்திலே பிறந்த மிறோஸ்லாவ் குளோசே, லூக்காஸ் பொடொல்ஸ்கி என்னும் சிறுவர் இருவர், ஜேர்மன் வமிசாவளி காரணமாக அந்நாட்டிற் குடியேற்றப்பட்டனர். பின்னாளில் மூவரும் ஒரே அணியில் ஆடினர். மண்ணிலே பிறந்தவன் மனுச் செய்து பிரஜையாக வேண்டும். வேறு மண்ணிலே பிறந்தவன் வமிசத்தாற் பிரஜையாவான்! 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2000 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஜேர்மனி இச்சட்டத்தைத் திருத்தியது. நெடுங்காலம் முறைப்படி வசித்த அந்நியப் பெற்றோருக்கு அந்நாட்டிலே பிறக்கும் பிள்ளையும் பிறப்பாலேயே பிரஜையாகலாம் என்று ஏற்றது. ஆயினும் வளர்ந்தபின் இரு நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் விதித்தது. ஓசில் அதற்கு முன்னே பிறந்துவிட்டவர். 2007 ஆம் ஆண்டளவில் அவர் துருக்கியப் பிரஜாவுரிமையைத் துறந்து ஜேர்மன் பிரஜையானார். அதே நகரிலே பிறந்த அல்தின்தொப் சகோதரர் துருக்கிக்காக ஆடினர். ஓசிலோ ஜேர்மனியைத் தேர்ந்தார். ஒருவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இது வழக்கிற்கு வேண்டும்.

மடை திறக்கும் கலை

ஓசில் நடுக்கள வீரர். கோல் அடிப்பவனைக் கூட்டம் தோளிலே தூக்கும். கோலுக்கு வழி சமைத்தவனைக் கவனிப்பவர் சிலரே. கமக்காரர்களுக்கு இதனை எளிதிற் சொல்லிவிடலாம். எந்த நேரத்தில், எந்த வரம்பை வெட்டி, எந்தப் பாத்திக்கு நீரை விடுவது என்றறிந்து மடை திறப்பவனே நடுக்கள வீரன். விளைந்த கதிரைப் பார்ப்பவன் மடை திறந்தவனை நினைப்பதில்லை.

அக்கலையிலே ஓசில் தலைசிறந்தவர். தம் ஊர்க் கழகமாகிய ஷால்கேயில் 2006 ஆம் ஆண்டு முதற்பிரிவிற் காலடி வைத்தார். 2008 ஜனவரியில் வேர்டர் பிறேமன் கழகத்திற் சேர்ந்தார். 2009 ஆம் ஆண்டு ஜேர்மன் கிண்ண இறுதியாட்டத்தில் அக்கழகம் ஒன்றுக்குப் பூச்சியம் என வென்றது. அந்த ஒரே கோல் ஓசிலுடையது. அதே ஆண்டு 21 வயதிற்குட்பட்டோரின் ஐரோப்பியப் போட்டியில், இறுதியாட்டத்திலே இங்கிலாந்தை 4 - 0 என்று வென்ற ஜேர்மன் அணியின் நாயகரும் அவரே. 2010 இல் றியல் மட்ரிட் அவரை வாங்கியது. அங்கு 2011 இல் ஸ்பானிய அரசர் கிண்ணத்தையும், 2012 இல் லீக் விருதையும் வென்றார். 2013 இல் இலண்டன் ஆர்சனல் கழகம், தன் சரித்திரத்தில் அதுவரை எவருக்கும் கொடாத ஏறத்தாழ நாலேகால் கோடிப் பவுண் விலையை அவருக்குக் கொடுத்தது. 2015 - 16 ஆட்டப் பருவத்தில் ஆங்கில லீக்கில் மாத்திரம் 19 கோல்களுக்கு வழி சமைத்தார்.

தேசிய அணியிலே 92 ஆட்டங்கள், 23 கோல்கள். 2014 ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணத்தின் ஏழு ஆட்டங்களிலும் ஆடினார். அல்ஜீரியா ஜேர்மனியை மூச்சுத் திணறவைத்த நாளில் மேலதிக நேரத்தின் இறுதியில் கோல் அடித்தவர் அவரே. தேசிய அணியின் ஆண்டுச் சிறந்த வீரராக ஐந்து முறை தெரிவுசெய்யப்பட்டார்.

இரண்டு படங்கள்

இனி இரண்டு புகைப்படங்களைச் சபையோர் முன் சாட்சியாக வைக்கிறோம்.

முதலாவது, 2010 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆந் திகதிக்குரியது. பேர்லின் மைதானத்தில் ஜேர்மனியும் துருக்கியும் மோதின. துருக்கிய இரசிகர் ஓசிலைச் சீழ்க்கையடித்து இகழ்ந்தனர். ஜேர்மனி 3 - 0 என வென்றது. இரண்டாவது கோல் ஓசிலுடையது. கோல் அடித்தும் அவர் கொண்டாடவில்லை. பாட்டனாரின் நாட்டுக்கு அவர் செய்த மரியாதை அது. ஆட்டம் முடிந்ததும் நாட்டின் சான்சலராகிய அங்கேலா மேர்க்கெல் அம்மையார் வீரர்களின் உடைமாற்றும் அறைக்கே சென்று ஓசிலின் கரத்தைக் குலுக்கினார். படம் நாடெங்கும் வெளியாயிற்று. அவ்வாண்டே சமூக இணக்கத்திற்கான ஒரு பெரும் விருதும் அவருக்குக் கிடைத்தது. "பாருங்கள், எங்கள் பிள்ளை!" என்று தேசம் பூரித்தது.

இரண்டாவது, 2018 ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் எடுக்கப்பட்டது. துருக்கிய ஜனாதிபதி எர்டோகனுக்கு ஓசில் தமது ஆர்சனல் சட்டையைக் கையளிக்கிறார். அருகில் அதே கெல்சன்கிர்ஷன் நகரிலே பிறந்த இன்னொரு நடுக்கள வீரர் இல்காய் குண்டோகன். துருக்கியில் பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. ஜேர்மனியில் கூக்குரல் எழுந்தது. உலகக் கிண்ணத்திற்குப் புறப்படுமுன் நடந்த ஆட்டத்தில் குண்டோகன் சொந்த இரசிகராலேயே இகழப்பட்டார். ருஷ்யாவில் மெக்ஸிக்கோவிடமும் தென் கொரியாவிடமும் தோற்ற ஜேர்மனி, முதற் சுற்றிலேயே வெளியேறியது. தோல்விக்குக் காரணம் தேடிய கைகள் பல, ஓசிலையே சுட்டின.

2018 ஜூலை 22 ஆந் திகதி ஓசில் நீண்ட அறிக்கை வெளியிட்டு, தேசிய அணியிலிருந்து விலகினார். அதன் சாரம் இது: வெல்லும்போது தாம் ஜேர்மனியர், தோற்கும்போது குடியேறியவர், குளோசேயையும் பொடொல்ஸ்கியையும் ஒருவரும் ஜேர்மன் - போலந்தியர் என்றழைப்பதில்லை, தம்மை மாத்திரம் ஜேர்மன் - துருக்கியர் என்பது ஏன்? தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவர் மீதும் அவர் குற்றஞ்சாட்டினார். இனத்துவேஷம் என்ற குற்றச்சாட்டைச் சங்கம் மறுத்தது.

வழக்கின் இரு பக்கங்கள்

நாம் சட்டம் கற்றவர்கள். நமக்குப் பிடித்த கட்சிக்காரன் என்பதற்காக அவனுடைய தவறுகளை மறைப்பது நமது தொழிலுக்கு அழகன்று.

அந்தப் படம் தவறென்பதே நமது கருத்து. தம் குடும்பத்தின் தாய்நாட்டில் அதியுயர் பதவிக்கு மரியாதை செய்ததாகவே ஓசில் விளக்கினார். ஆனால் அப்பதவியில் இருந்தவர் அப்போது வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட குர்தியத் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஸ், 2016 ஆம் ஆண்டிலிருந்து சிறையில் இருந்தவாறே போட்டியிட்டார். ஒரு சிறுபான்மை இனத்தின் தலைவர் சிறைக்குள்ளிருந்து வாக்குக் கேட்கும் வேளையில், அவரது எதிராளிக்குச் சட்டை பரிசளிப்பதை மரியாதை என்று மாத்திரம் கொள்ள நம்மால் இயலாது. 2019 இல் சீனாவின் உய்குர் முஸ்லிம்களுக்காக ஓசில் துணிந்து குரல் கொடுத்தார். ஆர்சனல் கழகம் ஒதுங்கிக்கொண்டது. சீனத் தொலைக்காட்சி அக்கழகத்தின் ஆட்டமொன்றை ஒளிபரப்பாது விட்டது. அத்துணிவைப் போற்றுகிறோம். அதே அளவுகோலைத் தம் பாட்டனாரின் நாட்டுக்கும் அவர் எடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்லுகிறோம்.

ஆயின், தவறு வேறு, உரிமை வேறு. ஒரு ஜேர்மன் பிரஜை அரசியலில் தவறான பக்கத்தைச் சார்ந்தால் அவரைத் தவறான கருத்துடைய ஜேர்மனியர் என்று கண்டிக்கலாம். "நீ ஜேர்மனியனே அல்ல" என்று சொல்ல எச்சட்டமும் இடந்தரவில்லை. கண்டனம் அவருடைய செய்கையோடு நில்லாது அவருடைய பிறப்பையும் பிடித்துக்கொண்டது. தேசிய கீதம் ஒலிக்கையில் அவர் பாடுவதில்லை. உள்ளே பிரார்த்தனை செய்வார். இது 2014 இலும் எல்லோரும் அறிந்ததே. கிண்ணம் கையிலிருந்தபோது அந்த மௌனம் பக்தியாயிருந்தது. கிண்ணம் போனபின் அதே மௌனம் துரோகமாயிற்று! சாட்சியம் மாறவில்லை, நீதிபதிகளின் மனநிலையே மாறிற்று.

நிபந்தனையோடு கொடுக்கப்படுவது உரிமையன்று, சலுகை. உரிமையைப் பறிப்பதற்குக் காரணமும் விசாரணையும் வேண்டும். சலுகையைப் பறிக்க ஒரு தோல்வி போதும். ஓசிலின் வரலாறு நமக்குச் சொல்வது இதுவே. ஒரு நாட்டிலே மற்றவரெல்லாம் சாதாரணமாக வாழ்ந்தாற் போதும், ஓர் இனத்தார் மாத்திரம் உலகக் கிண்ணம் வென்றுதான் பிரஜையென்று காட்டவேண்டும் என்றால், அந்நாட்டில் அவ்வினத்தார் இன்னும் பிரஜைகளாகவில்லை. திறமையுள்ளவனை ஏற்பது பெருந்தன்மையன்று. திறமையற்றவனையும், தவறு செய்தவனையும், தோற்றவனையும் தன்னவன் என்று ஏற்பதே சமத்துவம்.

இரண்டு முடிவுகள்

அதே படத்தில் நின்ற குண்டோகன் வேறு வழி சென்றார். இகழ்ச்சியைப் பொறுத்து அணியிலே நிலைத்தார். 2023 இல் ஜேர்மன் அணியின் தலைவராக்கப்பட்டு, 2024 ஆம் ஆண்டு ஜேர்மனியிலேயே நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் தம் பிறந்த நாட்டைத் தலைமைதாங்கி நடத்தினார். அப்போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, 2024 ஜூன் 27 ஆந் திகதி, இரட்டைப் பிரஜாவுரிமையைப் பொதுவாக அனுமதிக்கும் புதிய சட்டம் ஜேர்மனியில் நடைமுறைக்கு வந்தது. ஓசில் துறக்க நேர்ந்ததை இனி வருவோர் துறக்க வேண்டியதில்லை.

ஓசிலோ 2021 இல் இஸ்தான்புல் நகரின் பெனர்பாச்சே கழகத்திற்குச் சென்றார். 2023 மார்ச்சில் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். 2025 இல் எர்டோகனின் கட்சி நிர்வாகக் குழுவிலே இடம் பெற்றார். இதைக் கண்டு, "அன்றே சொன்னோமே, அவன் நம்மவனல்லன்" என்று கூறுவோர் உண்டு. வாசலில் நின்றவனை வெளியே தள்ளிவிட்டு, அவன் அயல் வீட்டிற்குப் போனதைக் காட்டி, தள்ளியது சரியென்று வாதிப்பது எந்த நியாயம்? அதேவேளை, தள்ளப்பட்டவன் எந்த வீட்டிற்குச் செல்கிறான் என்பதற்கு அவனே பொறுப்பாளி என்பதையும் நாம் மறுக்கவில்லை. அநீதிக்கு ஆளானவன் இன்னோர் அநீதியின் பந்தலிலே நிழல் தேடுவானாகில், அவன் பட்ட துன்பம் அதற்கு நியாயமாகாது. இது நமக்கும் உரிய எச்சரிக்கை.

இளைஞர்களே! இன்று பரிசு பெற்றவர்களை வாழ்த்துகிறோம். பரிசு பெறாதவர்களையும் அதே அன்போடு வாழ்த்துகிறோம். இந்த ஊர் உங்கள் இரு சாராருக்கும் ஒரே அளவு சொந்தமானது. கடல் கடந்து வாழும் உங்கள் உறவினருக்கு எழுதும்போது ஒன்றை எழுதுங்கள்: பிறந்த நாட்டையும் பெற்றோர் நாட்டையும் நேசிப்பது குற்றமன்று, எந்த நாட்டு அதிகாரத்துக்கும் தலை வணங்கி நிற்பதே குற்றம்.

செயலாளர் நம்மை மன்னிப்பாராக. உதைபந்தாட்டத்தைப் பற்றித்தான் பேசினோம்.