பன்னிரண்டு பேர் தீர்ப்பு

பன்னிரண்டு பேர் கூடிச் சொல்லும் தீர்ப்பு நியாயமாகத்தானிருக்கும் என்கிறார்கள். 1955-ல் அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்புச் சிறுவனை இரவில் இழுத்துப்போய்க் கொன்றார்கள். அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் மோஸ் ரைட், இழுத்துப்போனவனைக் கோர்ட்டில் விரல் நீட்டிக் காட்டினார். ஒரு கறுப்பருக்கு அங்கே அது உயிரைப் பணயம் வைத்த காரியம்! ஜூரிகளோ பன்னிரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். 67 நிமிஷத்தில், நடுவில் சோடா குடித்த நேரமும் சேர்த்து, “குற்றவாளிகளல்ல” என்று சொல்லிவிட்டார்கள். சாட்சியமா போதவில்லை? தன் இனத்தானைத் தண்டித்துவிட்டு அதே ஊரில் எந்த முகத்தோடு குடியிருப்பது என்கிற எண்ணம், காதை முன்பே அடைத்துவிட்டது. விடுதலையான இருவரும் பிறகு பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது தாங்கள்தான் என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார்கள். ஒருதரம் விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.