நம்ம டிராக்டரை நாமே பார்த்துக்கணும்



நைனார்பாளையத்தில் எங்க குழு கடன் வாங்கி எடுத்த மினி டிராக்டர், மக்காச்சோள விதைப்பு நேரத்தில் கியர் விழாமல் நின்னுப் போச்சு. வண்டி ஓடினால்தான் வாடகை. வாடகை வந்தால்தான் தவணை.

மெக்கானிக் பின்பக்கத்தைப் பிரிக்கும்போது நாங்க நாலு பேர் கூடவே உட்கார்ந்தோம். பின் அச்சு ஆயில் சீல் தேய்ஞ்சு, நெல் வயலில் சேறடித்தபோது தண்ணீர் உள்ளே போயிருந்தது. ஆயில் பால் மாதிரி வெளுத்து, பேரிங் துருப்பிடித்து, ஒரு கியரில் பல் உடைஞ்சிருந்தது. கழற்றின ஷிம், வாஷர் எல்லாத்தையும் அதே வரிசையில் துணியில் அடுக்கினோம். ஷிம் கனம் மாறினால் பல்லோடு பல் சரியா பொருந்தாது, சீக்கிரம் தேயும். சீல், பேரிங், உடைஞ்ச கியர் மட்டும் புதுசு போட்டோம். முழு கியர் பாக்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

அச்சு ஓரம் ஆயில் கசிஞ்சா விட்டுடாதீங்க. பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது, உயிருக்கே ஆபத்து. சேறடிச்ச பிறகு ஆயில் நிறத்தைப் பாருங்க.

1989-ல் தர்மபுரியில் தொடங்கின குழுக்கள் வழியா நாம கணக்கு நோட்டு பார்க்கக் கத்துக்கிட்டோம். கடன் நம்ம பேரில் இருக்கும்போது, வண்டிக்குள்ளே என்ன இருக்குன்னும் கத்துக்குவோம்.