கண்டம் விலகிய பிறகும் கவனம் தேவை

மாரடைப்பு வந்தவர் வீடு திரும்பியதும் "கண்டம் விலகியது" என்று குடும்பமே பெருமூச்சு விடும். ஆனால், மாரடைப்பில் மடிந்த இதயத் தசை தழும்பாகிவிடுகிறது. துடிப்பை எழுப்பும் மின்னோட்டம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுழலத் தொடங்கினால் இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும்; பிறகு வெறுமனே நடுங்கும். சில விநாடிகளில் நினைவு தப்பும்.

அவ்வப்போது ஒரு துடிப்பு தவறுவதெல்லாம் ஆபத்தல்ல. அதை மருந்தால் அடக்கினால் உயிரைக் காக்கலாம் என்று மருத்துவர்கள் ஒரு காலத்தில் நம்பினர். 1989ல் வெளியான அமெரிக்க ஆய்வு அதைப் பொய்யாக்கியது. துடிப்பு சீரானது; ஆனால் அந்த மருந்துகளை உட்கொண்டவர்களே அதிகம் மாண்டனர். ஆகவே, இதயம் ரத்தத்தை எவ்வளவு வலுவாக வெளியேற்றுகிறது என்பதே இப்போது முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. மாரடைப்பு வந்து 40 நாள் கழித்தும் அந்த அளவு 35 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால், உடலுக்குள் பொருத்தும் மின்னதிர்ச்சிக் கருவி சிலருக்குத் தேவைப்படலாம். 1980ல் மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்ட கருவி அது. மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஈசூனில் 2010 முதல் கூ டெக் புவாட் மருத்துவமனை உண்டு. பக்கம்தானே என்று டாக்சி தேடாதீர்கள். ஒருவர் சுருண்டு விழுந்து, மூச்சும் சரியாக இல்லையென்றால் உடனே 995ஐ அழையுங்கள். நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் ஏஇடி கருவியைக் கொண்டுவரட்டும். அழுத்தமும் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அந்தக் கருவி உங்கள் புளோக்கிற்கு அருகே எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.