திருமணத்துக்கு எத்தனை போட்டோகிராபர் வேண்டும்?

(நம் அறக்கட்டளை நடத்திய, பெற்றோருக்கான திருமண வழிகாட்டி அமர்வில் ஆற்றப்பட்ட உரை)

 

மஹர் பற்றியும் கைக்கூலி பற்றியும் இந்த அமர்வுகளில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம் போலத் தெரியலாம். நிக்காஹ் அன்று படம் எடுக்க எத்தனை பேரை வைப்பது என்பதுதான் அது. திருமண உதவி கேட்டு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து நாம் செலவுக் கணக்குப் போடுகிறோம். மண்டபம், சாப்பாடு, நகை, துணி என்று எழுதி முடித்துப் பேனாவை மூடப் போகும் நேரத்தில், "இன்னொண்ணு இருக்குங்க, போட்டோ" என்று தயங்கிச் சொல்வார்கள். அந்த ஒரு வரி சில வீடுகளில் சாப்பாட்டுச் செலவையே தொட்டுவிடுகிறது. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

படம் எடுப்பது கூடுமா, எந்த அளவுக்குக் கூடும் என்பதில் உலமாக்களிடையே ஒரே கருத்து இல்லை. அதை உங்கள் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நாம் ஃபத்வா சொல்லும் இடத்தில் இல்லை. எடுப்பது என்று முடிவு செய்துவிட்ட குடும்பம் எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

நம் ஜமாஅத்தில் நடந்த ஒரு திருமணம். பெயர் வேண்டாம். ட்ரெடிஷனல் போட்டோவுக்கு ஒருவர், கேண்டிட் போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு இரண்டு பேர் என்று நான்கு பேர் வந்திருந்தார்கள். நிக்காஹ் நடக்கும்போது இமாமையும் மாப்பிள்ளையையும் சுற்றி நான்கு பேரும் நின்றதில், பின்னால் உட்கார்ந்திருந்த நமக்குத் தெரிந்தது அவர்களுடைய முதுகுதான். துஆ முடிந்ததும் பெண்ணின் அத்தா எழுந்து பெண்கள் பகுதிக்குப் போனார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையில் கை வைத்து, எதுவும் பேச முடியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார்.

ஆறு மாதத்தில் அவர் வஃபாத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுப்பானாக. மகள் ஆல்பத்தை எடுத்துப் புரட்டினாள். மேடைப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அத்தாவும் அவளும் சேர்ந்து உட்கார்ந்திருந்த அந்த நேரம் மட்டும் எங்குமே இல்லை. வந்த நான்கு பேரும் ஆண்கள். பெண்கள் பகுதிக்குள் அவர்கள் வரக்கூடாது என்று வீட்டாரே சொல்லியிருந்தார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் அங்கே யார் எடுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. நான்கு பேருக்குக் காசு கொடுத்தும், வேண்டிய இடத்தில் ஒருவர்கூட இல்லை.

அன்று முதல் நாம் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வது இதுதான். "எத்தனை பேர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் முக்கியமான காரியம் நடக்கிறது? அந்த இடத்துக்குள் யார் போகலாம்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உங்களுக்குத் தேவையான எண்ணிக்கை. விருந்தாளிகள் 300 பேரா 1000 பேரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து வீட்டுத் திருமணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் நேரத்தை எழுதுங்கள். பக்கத்தில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று இரண்டு கட்டம் போடுங்கள். 11 மணிக்குப் பெண்ணிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்க வலியும் சாட்சிகளும் போகிறார்கள். அது பெண்கள் பகுதி. அந்த நேரத்தில் மாப்பிள்ளை மேடைக்கு வருகிறார். அது ஆண்கள் பகுதி. 11:30-க்கு நிக்காஹ். முடிந்ததும் இங்கே முஸாஃபஹா செய்து கட்டித் தழுவி வாழ்த்துகிறார்கள். அதே நேரத்தில் அங்கே பெண்ணுக்குக் கருகமணி கட்டுகிறார்கள். தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இரண்டு இடம் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஆகவே இரண்டு பேர். ஆண்கள் பகுதிக்கு ஒரு ஆண், பெண்கள் பகுதிக்கு ஒரு பெண்.

பள்ளிவாசலில் நிக்காஹ், வீட்டில் எளிய வலீமா என்று வைத்தால், மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் போதும். அவரும் வேண்டாம், தம்பியின் செல்போனே போதும் என்றால் அதுவும் போதும். வலீமா வேறு நாளில் என்றால், அன்றைக்குத் தனித் தாள் போடுங்கள். பெரும்பாலும் ஒருவருக்கு மேல் தேவைப்படாது. மாப்பிள்ளை ஓர் ஊர், பெண் ஓர் ஊர், இரண்டு வீட்டிலும் காலையிலிருந்தே எடுக்க வேண்டும் என்றால்தான் மூன்றாவது ஆளைப் பற்றிய பேச்சே வரும். நிக்காஹை வீடியோவாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், ஸ்டாண்டில் ஒரு கேமராவை நிறுத்தினாலே இமாமின் குத்பாவிலிருந்து துஆ வரை பதிவாகிவிடும். சுற்றி ஓட ஆள் வேண்டாம்.

"குரூப் போட்டோவுக்குக் கூட்டம் நிக்குமே, ரெண்டு பேர் இருந்தா சீக்கிரம் முடியுமே" என்பார்கள். அது கணக்குப் பிழை. மேடை ஒன்று, மாப்பிள்ளை ஒருவர், வரிசையும் ஒன்று. ஒரு குடும்பம் ஏறி, நின்று, இறங்க 2 நிமிடம். 40 குடும்பம் என்றால் 80 நிமிடம். கேமரா எத்தனை நின்றாலும் இந்த 80 குறையாது. குறைய வேண்டுமானால் பட்டியலைக் குறைக்க வேண்டும். நெருங்கிய சொந்தங்களின் பெயரை முன்கூட்டியே எழுதி, விவரம் தெரிந்த மாமாவோ மச்சானோ ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கூப்பிட்டு நிறுத்தினால் லுஹர் ஜமாஅத்தும் தவறாது, பந்தியும் தாமதமாகாது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. பெண் போட்டோகிராபர் வைத்தால் போதும் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். எடுப்பவர் பெண், சரி. படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவது யார்? ஆல்பம் வடிவமைப்பது யார்? பெரும்பாலும் அது கடையில் இருக்கும் வேறு ஆட்களுடைய வேலை. முதலிலேயே கேளுங்கள். பெண்கள் பகுதிப் படங்களை எடுத்தவரே திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். முடியாது என்றால், திருத்தாத படங்களை அன்று இரவே பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரில் உள்ளதை அழிக்கச் சொல்லுங்கள். அதோடு, ஒரு பெண் போட்டோகிராபருக்குக் காசு கொடுத்துவிட்டு, ஐம்பது செல்போன்கள் மணப்பெண்ணை எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? பெண்கள் பகுதி வாசலில் ஒரு தட்டி வையுங்கள். வீட்டுப் பெரியம்மா ஒருவர் நின்று அன்பாகச் சொன்னால் கேட்பார்கள்.

இனி பணம். சென்ற ஆண்டு ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் கொண்ட டீம், ட்ரோன், எல்.இ.டி. திரை என்று ஒரு பேக்கேஜ் சொல்லியிருந்தார்கள். 1,10,000 ரூபாய். பெண் வீட்டார் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அவர் ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக் கடன் வாங்கப் போவதாகச் சொன்னார். இரண்டு வீட்டாரையும் அழைத்து உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அண்ணன், "எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான் எடுத்தோம்" என்று கொஞ்சம் கோபப்பட்டார். நாம் எதுவும் சொல்லவில்லை. வெள்ளைத் தாளை நடுவில் வைத்து நேரத்தையும் இடத்தையும் எழுதச் சொன்னோம். எழுதியவர் மாப்பிள்ளை. எழுதி முடித்ததும் அவரே சொன்னார்: "நான் குடுக்கிற மஹர் முப்பதாயிரம். அவங்க போட்டோவுக்குக் குடுக்கிறது அதைவிட மூணு மடங்குக்கு மேல. இது எனக்கே சரியாப் படலை." இரண்டு பேர், அரை நாள், ஒரு ஆல்பம் என்று 32,000-த்தில் முடிந்தது. இரு வீட்டாரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள். ஆர்.சி. புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையோடு சொல்கிறோம். நீங்கள் ஆசைப்படுவதற்கு நீங்கள் கொடுங்கள். நீங்கள் கேட்டு, பெண்ணின் அத்தா கடன் வாங்கிக் கொடுத்தால், அதற்கு ஆல்பம் என்று பெயர் வைத்தாலும் கைக்கூலி கைக்கூலிதான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. யார் நேரில் வருவார், எத்தனை மணி நேரம், கூடுதல் மணிக்கு எவ்வளவு, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, ஆல்பம் எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்று எல்லாம் தாளில் இருக்கட்டும். ஆளைக் குறைத்திருப்பதால் இன்னொன்றும் கேளுங்கள்: மாற்றுக் கேமரா கொண்டு வருவாரா? ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகும் கேமராவா? இரண்டு கார்டு உள்ள ஒருவர், ஒரே கார்டு உள்ள இரண்டு பேரைவிடப் பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. நம் சகோதரி ஒருவரின் மணக்கோலப் படம் ஒரு ஸ்டுடியோவின் விளம்பரப் பக்கத்தில் வந்துவிட்டது. வீட்டார் பதறிப்போய்க் கேட்டபோது, கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. இரண்டு நாள் அலைந்து நீக்க வைத்தோம். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ, எடுத்து வைத்தார்களோ, அல்லாஹ்வே அறிவான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை. அந்தக் கடைசி வார்த்தைகளைக் கவனியுங்கள். சட்டம் தரும் உரிமையை நாமே ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அப்படி ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு, "எந்தப் படமும் வெளியிடக் கூடாது" என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் திருமணம் முடித்த செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர் மேல் இருந்த மஞ்சள் நிற வாசனைப் பொருளின் அடையாளத்தைக் கண்டு, நபியவர்களே விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பரக்கத்துக்காக துஆ செய்து, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். அவ்வளவு எளிமையாக நடந்தது அந்தத் திருமணம்.

நமக்கு நினைவுகள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தகப்பன் கை தலையில் இருந்த அந்த ஒரு படத்துக்காக இன்றும் அழுகிற மகளைப் பார்த்திருக்கிறோம். அந்தப் படம் கிடைக்க நான்கு பேர் தேவையில்லை, சரியான இடத்தில் ஒருவர் இருந்தால் போதும். நேரமும் இடமும் எழுதும் தாளை அச்சடித்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வராதீர்கள். கொடுப்பதற்கு முன்பு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.

நம் பிள்ளைகளின் திருமணங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. கடனில்லாமல் தொடங்கி, அன்போடு தொடரும் வாழ்க்கையை அவர்களுக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.