தேய்மானம் போக மிச்சமுள்ள குரல்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், பென்ஷன், வட்டி விகிதம், நாமினேஷன் எல்லாம் போன தடவையே பேசிட்டீங்க. இந்தத் தடவை வேற ஏதாவது" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறு என்ன இருக்கும் என்று சிலர் யோசிக்கலாம். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவர்கள் யோசிக்க மாட்டார்கள். ஐம்பது வருஷமாக நான் ராக் பாட்டு கேட்பவன் என்று அவர்கள் வீட்டுத் தரைக்கே தெரியும்.

ராக் என்றாலே காதைப் பொத்திக்கொள்பவர்கள் பயப்பட வேண்டாம். பேசப்போவது குரலைப் பற்றி. ஒரு பாடகரின் குரல் ஐம்பது வருஷத்தில் என்ன ஆகிறது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஆள் ராபர்ட் பிளான்ட். 1948-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லெட் செப்பலின் என்ற குழுவின் பாடகர். முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தபோது அவருக்கு வயது 20. எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் முழு வேகத்தில் போகும்போது அதற்கும் மேலே ஏறி நிற்கும் குரல். 1970-ல் வந்த 'இமிக்ரன்ட் சாங்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு கூவல் வரும். இன்றைக்கும் சினிமாவில், விளம்பரத்தில் எங்கேயாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். இன்னொரு செய்தி: பிளான்டும் கிடார்காரர் ஜிம்மி பேஜும் 1972-ல் பம்பாய்க்கு வந்து, நம் நாட்டு இசைக்கலைஞர்களை வைத்து இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அது 2015-ல்தான் முறையாக வெளியானது.

இப்போது இரண்டு லெட்ஜர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1972 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் அவர்கள் நடத்திய கச்சேரிகளின் பதிவு ஒன்று இருக்கிறது. அதில் குரல் கூரையைத் தொடுகிறது. அடுத்தது 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுத்த படம். அதில் பல இடங்களில் மேலே போக வேண்டிய வரியை அவர் கீழே திருப்பிப் பாடுகிறார். இடைவெளி பதின்மூன்று மாதம். அந்தப் படத்தின் தலைப்பு 'த சாங் ரிமெய்ன்ஸ் த சேம்', அதாவது பாட்டு அப்படியேதான் இருக்கிறது என்று. பாட்டு இருக்கிறது, பழைய குரல்தான் இல்லை.

1973 ஜூலையில் அவருக்கு வயது 24. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குரல் போவது வயதானால்தான் என்று நாம் நினைக்கிறோம். இவருக்கு மீசை நரைக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது.

பி.காம். படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். தேய்மானம் கணக்கிட இரண்டு முறை படித்தோம். ஒன்று நேர்கோட்டு முறை: பத்து வருஷம் உழைக்கும் இயந்திரத்துக்கு வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்போம். இன்னொன்று குறைந்து செல் இருப்பு முறை: முதல் வருஷமே பெரிய வெட்டு விழும், அடுத்தடுத்த வருஷங்களில் வெட்டு சிறிதாகிக்கொண்டே வரும். பிளான்டின் குரல் இரண்டாவது வகை. பெரிய வெட்டு முதல் ஐந்து வருஷத்திலேயே விழுந்துவிட்டது. இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை வருஷம் கழித்தாலும் கணக்கு பூஜ்யத்தைத் தொடாது.

வெட்டு ஏன் விழுந்தது? குரல்நாண் என்பது ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு மெல்லிய சதை மடிப்பு. சாதாரணமாகப் பேசும்போது அவை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று தட்டுகின்றன. பிளான்ட் பாடிய உச்சத்தில் அது ஐந்நூறைத் தாண்டும். கைத்தட்டல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஐந்நூறு கைத்தட்டல். குழு தொடங்கிய முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் நான்கு சுற்று, பிரிட்டனில் நான்கு சுற்று. பிறகு மூன்று மணி நேரக் கச்சேரிகள். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கை காய்த்துப்போவது போலக் குரல்நாணும் காய்க்கும், வீங்கும், தடிக்கும். தடித்த தந்தி மெல்லிய தந்தி போல உச்சத்துக்குப் போகாது. அறுபதைத் தாண்டினால் இதற்கு மேல் வேறு ஒன்றும் சேர்கிறது: தசை மெலிகிறது, குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது, நெஞ்சில் காற்று குறைகிறது. அது நம் எல்லோருக்கும் பொது. முதலாவது, குரலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு வருவது. பாடகர் மட்டும் இல்லை, பள்ளி ஆசிரியர், பஸ் கண்டக்டர், ஏலம் விடுபவர் எல்லோருக்கும்தான். நம் குடியிருப்பில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொண்டைக்கட்டு மூன்று வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதன் பின் வந்த வருஷங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அவை சந்தோஷமானவை இல்லை. 1975-ல் கிரேக்கத் தீவு ஒன்றில் கார் விபத்து. அடுத்த ஆல்பத்தைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். 1977-ல் ஐந்து வயது மகன் இறந்துபோனான். 1980-ல் டிரம்ஸ் வாசித்த நண்பர் ஜான் போனம் இறந்தார், குழுவைக் கலைத்தார்கள். 1985-ல் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சிக்காகப் பழைய ஆட்கள் மேடையேறினார்கள். குரல் கரகரத்தது, ஒத்திகையும் போதவில்லை. பிறகு அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது தாங்கள் வரும் பகுதியைச் சேர்க்க அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

2007 டிசம்பர் 10, லண்டன். ஒரே ஒரு நாள் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். டிக்கெட்டுக்கு இரண்டு கோடி விண்ணப்பங்கள் வந்ததாகச் செய்தி. மேடைக்கு வரும் முன் இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சில பாட்டுகளின் சுருதியை ஒரு கட்டை இறக்கினார்கள். பிளான்டுக்கு அப்போது 59. அன்றைய கச்சேரியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். இறக்கிய சுருதியில் அந்தக் குரல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. எட்டிப் பிடிக்கும் பதற்றம் இல்லை.

இங்கே நம் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன ஆண்டு விழாவில் எழுபது தாண்டிய அம்மா ஒருவர் பழைய படப் பாட்டு ஒன்றை இரண்டு கட்டை இறக்கிப் பாடினார். நன்றாகவே பாடினார். பின்வரிசையிலிருந்து "சுருதி எட்டலை பாவம்" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. இந்த வருஷப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் சுருதியை இறக்குவது திருட்டுக் கணக்கு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நம் கிளப் ஹவுஸ் கரோக்கே மெஷினிலேயே சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டவரை நான் பார்த்ததில்லை. அறுபத்தெட்டு வயதில் இருபத்தெட்டு வயதுப் பாடகரின் சுருதியில் கத்தி, மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது சைகையில் பேசுகிறோம்.

லண்டன் கச்சேரிக்குப் பிறகு மற்றவர்கள் உலகச் சுற்றுப்பயணம் போக ஆசைப்பட்டார்கள். எவ்வளவு பணம் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது. பிளான்ட் போகவில்லை. அவர் போனது அலிசன் கிராஸ் என்ற பெண்ணோடு. அமெரிக்க நாட்டுப்புற மரபில் பிடில் வாசித்துப் பாடுபவர், இவரைவிட 23 வயது இளையவர். இருவரும் சேர்ந்து செய்த 'ரெய்சிங் சாண்ட்' லண்டன் கச்சேரிக்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியாகியிருந்தது. அதில் அவர் கத்தவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தனியாக முழங்கியவர், இன்னொரு குரலின் பக்கத்தில் குரலைத் தாழ்த்தி ஒட்டிப் பாட அறுபதை நெருங்கும்போது கற்றுக்கொண்டார். 2009-ல் அதற்கு 5 கிராமி விருதுகள், வருஷத்தின் சிறந்த ஆல்பம் உட்பட. விருதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குரலில் இருக்கும் காற்றும் கரகரப்பும் இருபது வயதில் அவரிடம் கிடையாது, அதுதான் எனக்கு முக்கியம்.

எல்டன் ஜானுக்கும் இப்படி ஒன்று நடந்தது. 1987 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவருடைய மேல் சுருதிப் பொய்க்குரல் போய்விட்டது, குரல் கனத்தது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த 'லயன் கிங்' படத்தின் காதல் பாட்டு அந்தக் கனத்த குரலில் 1994-ல் பாடியது. ஆஸ்கார் வாங்கியது. 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் விடைபெறும் சுற்றுப்பயணத்தை முடிக்கும்வரை அந்தக் குரல்தான் அவருக்குச் சோறு போட்டது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல்நாண் தடித்துக் குரல் இறங்குவது இயற்கை. கனடாவின் ஜோனி மிட்செல் 'போத் சைட்ஸ் நவ்' என்ற தன் பாட்டை 1969-ல் தெளிந்த உச்சக் குரலில் பதிவு செய்தார். 2000-ல், 56 வயதில், ஆர்க்கெஸ்ட்ராவோடு மறுபடி பதிவு செய்தார். வயதோடு சிகரெட்டும் சேர்ந்து குரலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தது. வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் பாட்டு அது. இருபத்தைந்து வயதில் சொன்னால் யார் நம்புவார்கள்? 2015-ல் மூளையில் ரத்தக்குழாய் பாதிப்பு வந்து நடக்க, பாட எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டு, 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினார். வயது 80.

பேசியது போதும். இப்போது ஒரே பாட்டை இரண்டு தடவை போடப்போகிறேன். பெயர் 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்'. முதலில் 1998-ல் ஜிம்மி பேஜோடு பிளான்ட் பாடியது, அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்தது 2007-ல் அலிசன் கிராஸோடு பாடியது. வார்த்தை புரியாவிட்டால் பரவாயில்லை, எந்தக் குரலில் கடிதம் எழுதியவன் தெரிகிறான் என்று மட்டும் கவனியுங்கள். மணி ஒன்பதே கால் ஆகிறது. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது சங்க விதி, நேரம் இருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.