குரல் கம்மினால் சும்மா இருக்கலாமா?
(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆரை நம்மில் தெரியாதவர் யார்? 1967 ஜனவரி 12ஆம் திகதி அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், பழைய குரல் திரும்பவில்லை. அந்தக் குரலோடுதான் மேலும் பத்து வருடம் நடித்தார். 1977இல் முதலமைச்சரும் ஆனார். சனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆனால் நம்ம லயத்தில் ஒருவருக்குக் குரல் கம்மினால் நாம் சிரிக்கிறோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கங்காணி ஐயா. மலைக்கு மலை கூப்பிட்டே பழகியவர். குரல் அடைத்துப் போய் நாலு மாதம். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் சிரித்தார்கள். வெட்கப்பட்டு அவர் கோயில் கூட்டத்துக்கும் வரவில்லை. நாங்களும் "தடிமல்தானே, கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க" என்றுதான் சொன்னோம். அது எங்கள் பிழை.

தொண்டைக்குள் குரல்வளையில் இரண்டு மெல்லிய மடிப்புகள் உண்டு. மூச்சுக் காற்று பட்டு அவை அதிர்வதுதான் குரல். நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்குகின்றன. கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் காய்ப்பு விழுவது போல, கத்திக் கத்தி அந்த மடிப்பிலும் காய்ப்பு விழும். கங்காணி ஐயாவுக்கு வந்தது அதுதான். தொண்டை வைத்தியரிடம் போய், பேச்சுப் பயிற்சியும் எடுத்துத் தேறினார். இப்போது பெரட்டில் விசில் ஊதுகிறார்.

எல்லோருக்கும் காய்ப்பாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பீடி, சிகரெட் குடிப்பவருக்கு அது தொண்டைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலே கண்டால் குணப்படுத்தலாம்.

ஆகவே மூன்று கிழமைக்கு மேல் குரல் கம்மியிருந்தால் டிஸ்பென்சரிக்குப் போங்கள். காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. விழுங்க நோவு, கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம் என்றால் மூன்று கிழமை பார்த்திருக்கவும் வேண்டாம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று. 1984இல் எம்.ஜி.ஆருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சே தடுமாறியது. அது வேறு வருத்தம். திடீரென்று வாய் கோணி, நாக்குக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். அடுப்புப் புகையைக் குறையுங்கள். தொண்டை கட்டினால் குசுகுசுவென்றும் பேச வேண்டாம். அதுவும் தொண்டைக்குப் பாரம்தான்.

குரல் கம்மியவரைப் பார்த்துச் சிரிக்காமல், கிட்டப் போய்க் கேட்போம்.